மேஜருக்கு வராத இரண்டு பதக்கங்கள்

பதவி உயர்வு வேண்டாம் என்று தெருத்தெருவாகச் சண்டை போட்ட மனிதர் யாரையாவது நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மாத்தளையில் அவருக்குப் பெயர் மேஜர்.

அந்தப் பெயரைச் சொன்னாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "யாருங்க மேஜர்? நான் லான்ஸ் கோப்ரல். அதுவும் சம்பளம் கூட்டிக் குடுக்காத லான்ஸ் கோப்ரல்" என்பார். பட்டாளத்தில் அது கீழேயிருந்து இரண்டாவது படி. ஊர் கேட்குமா? இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர், காக்கிக் கால்சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறவர், நடந்தால் முதுகு வளையாதவர். அப்படிப்பட்டவரை மேஜருக்குக் கீழே இறக்க ஊருக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் சலூன்காரர் வாய்தவறி, "மேஜர், தலையைக் கொஞ்சம் சாய்ங்க" என்றுவிட்டார். மேஜர் பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு எழுந்து, கடைவீதி முழுக்க நடந்து, மீதிப் பாதியை இன்னொரு சலூனில் வழித்துக்கொண்டார். ஒரு கல்யாண வீட்டில், "இப்போது மேஜர் அவர்கள் மணமக்களை வாழ்த்துவார்" என்று அறிவித்தார்கள். மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தவர், "நான் லான்ஸ் கோப்ரல். மாப்பிள்ளையோட அப்பா தப்பாச் சொல்லிட்டாரு. இனிமே சொல்ல மாட்டாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மணமக்களை வாழ்த்த வேண்டும் என்பது கடைசிவரை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது எழுபதுகளில். எனக்கு இருபத்திரண்டு வயது. மாத்தளைக் கச்சேரிக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை. கச்சேரி என்றால் பாட்டு, மிருதங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அரசாங்க அதிபரின் காரியாலயத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அங்கே போகிற மனுக்களில் பாதி எங்கள் கடையில்தான் பிறக்கும். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லாருக்கும் அவர் நானா. என் விரல் வேகத்தைப் பற்றி எனக்கே அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதைத் தட்டி வைத்தவர் மேஜர்தான்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை உக்குவளையிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குவார். அங்கே ஒரு கொக்கோ ஸ்டோரில் வாசல் காவல் அவருக்கு. அன்றைக்கு மட்டும் லீவு. கடை வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து, என் டைப்ரைட்டருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு உட்காருவார். எனக்கு இல்லை, டைப்ரைட்டருக்கு.

முதல் நாளே மோதல். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் மனு என்றால் 'மிகத் தாழ்மையுடன் இரந்து கேட்கிறேன்' என்றுதான் தொடங்க வேண்டும். யார் வைத்த சட்டமோ தெரியாது. தாளைச் செருகியதும் என் விரல் தானாகவே அதை அடித்துவிடும். அடித்ததை வாசித்துக் காட்டினேன்.

"யாரு இரக்குறது?" என்றார்.

"எல்லாரும் அப்படித்தாங்க ஐயா எழுதுறது."

"எல்லாரும் இரக்கட்டும். நான் இரக்கல. எனக்குச் சேர வேண்டியத எழுதித் தாங்கன்னு கேக்குறேன். அதைக் கிழிச்சிட்டு வேற தாள் போடு மகள்."

கிழித்தேன். போட்டேன். விரல் மறுபடியும் இரந்தது. அன்றைக்கு மட்டும் நான்கு தாள் வீண். நானா கல்லாவிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடிதம் போவது சீமைக்கு. அங்கே ஏதோ ஒரு பட்டாளப் பதிவேட்டுக் காரியாலயம். மேஜரின் கோரிக்கை இதுதான்: அவருடைய சேவைப் பதிவில் இரண்டு பதக்கங்கள் விடுபட்டுப் போயிருந்தன. கடல் கடந்து போய்ப் போர்முனையில் நின்றவர்களுக்கு மட்டும் கொடுக்கிற பதக்கங்கள் அவை. அவரும் எகிப்துப் பாலைவனத்தில் மூன்று வருடம் மூட்டை இறக்கி, ரோடு போட்டு, பள்ளம் வெட்டியவர். ஆனால் பதிவு என்ன சொன்னது தெரியுமா? போர் முடியும்வரை அவர் இந்தத் தீவிலேயே, தியத்தலாவை முகாமின் சமையற்கட்டில் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாராம்.

இது எப்படி நடந்தது என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் உடனே புரியும். மேஜரின் நிஜப் பெயரை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று கூப்பிட்டால் ஏழெட்டுப் பேர் என்ன என்று கேட்பார்கள். அதனால் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்கணக்கில் பேர் பதியும்போது கணக்கப்பிள்ளை ஒருவரைப் 'பெரிய' என்றும் இன்னொருவரைச் 'சின்ன' என்றும் முன்னால் போட்டுக்கொள்வார். பிரச்சினையே வராது. அந்தத் தோட்டத்திலிருந்து ஒரே நாளில் பெரியவரும் சின்னவரும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். தகப்பன் பெயரும் இருவருக்கும் ஒன்றே. பட்டாளத்துக் கிளாக்கர் பெரிசும் சின்னதும் எதற்கு என்று இரண்டையும் வெட்டிவிட்டார். இரண்டு ஆள் ஒரு ஆள் ஆனது அப்படித்தான். பெரியவரான மேஜர் எகிப்துக்குக் கப்பல் ஏறினார். சின்னவர் கிழங்கு சீவப் போனார். காகிதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கிழங்கு சீவினார்கள்.

"சின்னவன் நல்லா சீவுவான்" என்று மேஜர் நியாயமாகவே ஒத்துக்கொள்வார். "அந்தப் பேரு அவனுக்குத்தான் போகணும். எனக்கு எதுக்கு?"

சீமையிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு பதில் வரும். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று அச்சடித்த துண்டு. ஒருமுறை அதில் மேஜரைத் 'திருமதி' ஆக்கியிருந்தார்கள். அதைத் திருத்தச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் போனது. இன்னொரு முறை சின்னப் பார்சல் ஒன்று வந்தது. கடையே கூடி நின்று பிரித்தோம். உள்ளே பளபளவென்று ஒரு பதக்கம். நான் கைதட்டிவிட்டேன். மேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கடற்படைக்காரனுக்குக் குடுக்குறது" என்றார்.

"வச்சிக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் நானா.

"பதக்கத்துக்குத் தெரியுமே நானா."

அன்றே அதைத் திருப்பி அனுப்பினார். கூடவே போன கடிதத்தில் அவர் சொன்ன ஒரு வரியை அப்படியே இங்கிலீஷில் அடிக்க வைத்தார்: 'நான் கப்பலில் போகும்போது பத்து நாளும் வாந்தி எடுத்தவன். கடற்படைக்கு என்னால் ஒரு உபயோகமும் கிடையாது.'

இப்படி வருடக்கணக்காக நடந்தது. ஒருநாள் நான் பொறுமை இழந்தேன். எனக்குப் பொறுமை குறைவு என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. "என்னங்க ஐயா, ரெண்டு துண்டுத் தகரத்துக்கா இந்தப் பாடு? நெஞ்சுல குத்திக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "எனக்கு எதுக்கு மகள் தகரம்? சூசைக்குச் சாட்சி சொல்லணும். அதுக்குத்தான்" என்றார்.

சூசை உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். கத்தோலிக்கர். மேஜரோடு ஒரே கம்பெனியில், ஒரே கூடாரத்தில் இருந்தவர். ஒருநாள் பாலைவன ரயில் பாதையோரம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. கம்பெனி சிதறிப் பின்வாங்கியது. மேஜர் மட்டும் பின்தங்கி நின்று, சூசையைத் தன் கையாலேயே புதைத்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். சார்ஜன்ட்டிடம் வாயால் சொன்னார். சார்ஜன்ட் எழுதி வைப்பதற்குள் அவரும் செத்துப்போனார். அடுத்த வாரம் ஆள் எண்ணியபோது சூசை இல்லை. பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவன் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த எழுத்து கடல் தாண்டி உக்குவளைக்கு வந்தது. சூசையின் தங்கை பிலோமினா அக்கா ஸ்டேஷன் பக்கத்தில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தார். யாரோ எகிப்துக்காரியோடு சூசை குடும்பம் நடத்துகிறான் என்று ஊரில் கதை கட்டினார்கள். பிள்ளைகுட்டி எத்தனை என்றுகூடக் கணக்குச் சொன்னார்கள். தாய் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே செத்தார். பிலோமினா அக்காவுக்கு வந்த சம்பந்தம் இரண்டும், ஓடிப்போனவன் குடும்பம் என்று திரும்பிப் போயின. கோயிலில் இறந்தவர்களுக்கான பூசையில் சூசையின் பெயரை வாசிக்க முடியாது. செத்ததாகத்தான் எந்தக் காகிதமும் சொல்லவில்லையே.

மேஜர் சீமைக்கு முதலில் எழுதிய கடிதம் பதக்கம் கேட்டு எழுதியதே இல்லை. 'சூசையை நான்தான் புதைத்தேன்' என்றுதான் எழுதினார். பதில் வந்தது: 'எங்கள் பதிவின்படி நீங்கள் அந்த நாட்டுக்கே போனதில்லை.' அதனால்தான் பதக்கம். அது கிடைத்தால் அவர் அங்கே இருந்தது நிச்சயமாகும். அவர் அங்கே இருந்தால்தான் சூசை அங்கே செத்திருக்க முடியும்.

அதற்குப் பிறகு நான் தகரம் என்று சொன்னதில்லை. விரல் இரப்பதையும் நிறுத்திக்கொண்டது.

இந்தக் கதைக்கு நடுவில்தான் பிரஜாவுரிமை வந்து குறுக்கே நின்றது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பரம்பரை என்று எங்கள் ஆட்கள் லட்சக்கணக்கில் எந்த நாட்டுக்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. மேஜரின் பழைய விண்ணப்பம் ஒன்று இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் விசாரணைக்கு வந்தது. இந்தத் தீவில் இடைவிடாமல் இத்தனை வருடம் வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வருடங்களுக்குள் போர்க் காலமும் அடக்கம். இங்கிலீஷ் கடிதங்களை வாசித்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கச்சேரியில் விசாரித்தவர் ஒரு சிங்கள மாத்தயா, நம் பேச்சில் ஐயா. நல்ல மனிதர். ஃபைலைப் புரட்டி, முகம் மலர்ந்து, "ஐயாவுக்கு அதிர்ஷ்டம். போர் முடியும்வரை தியத்தலாவையில் இருந்ததாகப் பட்டாளமே எழுதித் தந்திருக்கிறது. இடைவெளி இல்லை. இங்கே கையெழுத்துப் போடுங்கள், முடிந்தது" என்றார்.

மேசைக்குக் கீழே மேஜரின் காலை மிதித்தேன். பலமாகவே மிதித்தேன்.

"மாத்தயா, அதுல ஒரு பிழை இருக்குங்க" என்றார் மேஜர்.

மாத்தயா பேனாவை வைத்தார். "ஐயா, நான் வாசித்தது விளங்கவில்லையா?"

"விளங்குது. நான் தியத்தலாவையில இல்ல. எகிப்துல இருந்தேன். மூணு வருசம்."

"வெளிநாட்டில் இருந்ததாக நீங்கள் சொன்னால் நான் நிராகரித்தே ஆக வேண்டும். தெரியுமா?"

"தெரியும். ஆனா இருந்தேனே."

மாத்தயா கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து, "நான் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன். அதற்குள் எங்கே இருந்தீர்கள் என்று ஐயா நன்றாக யோசித்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒரு அரசாங்க உத்தியோகத்தர் இதைவிட என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நான் கெஞ்சினேன். "ஐயா, பேசவே வேணாம். ஒரே ஒரு கையெழுத்து. இல்லாட்டி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்க. அங்க உங்களுக்கு யாருங்க இருக்காங்க?"

"யாரும் இல்ல மகள்."

"அப்புறம் என்னங்க?"

"நான் எகிப்துக்குப் போகலேன்னு இங்க கையெழுத்து வச்சா, நாளைக்குச் சூசையப் புதைச்சேன்னு எந்த வாயால சொல்றது?"

மாத்தயா ஆற அமரக் குடித்தார், கால் மணி நேரம். திரும்பி வந்தபோது மேசைமேல் ஒரு தாள் இருந்தது. மேஜர் வாய்ப்பேச்சை நம்பாமல், கப்பல் ஏறிய நாள், இறங்கிய நாள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த மாத்தயாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். வந்த வழியே திரும்பிப் போய் இன்னொரு தேத்தண்ணி குடித்துவிடலாமா என்பது போல் ஒரு கணம் வாசலைப் பார்த்தார்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்த மேஜரோடு நான் பேசவே இல்லை. நிராகரித்த கடிதம் வந்தபோது அவர்தான் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். திங்கட்கிழமைகூட இல்லை. ஆள் இடிந்துபோய் வருவார் என்று பார்த்தால், முகம் முழுக்கச் சிரிப்பு.

"மகள், இதை வாசி. இந்த வரிய வாசி!"

'விண்ணப்பதாரர் மூன்று வருட காலம் இத்தீவுக்கு வெளியே எகிப்து நாட்டில் இருந்தமையால்...' என்று இருந்தது.

"பாத்தியா? அரசாங்க முத்திரை போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க, நான் எகிப்துல இருந்தேன்னு! இதைவிட அத்தாட்சி வேணுமா? பிரதி எடு. சீமைக்கு அனுப்பணும்."

நாடு இல்லை என்று சொன்ன காகிதத்தை பரிசு விழுந்த லொத்தர் சீட்டைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நானா அன்றைக்கு முதல்முறையாக, "லான்ஸ் கோப்ரல், இருங்க, டீ சொல்றேன்" என்றார்.

நான் தாளைச் செருகினேன். மேஜர் காக்கித் தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு விசயமும் எழுதணும். ஒரு குத்தத்த ஒத்துக்கணும்" என்றார்.

இத்தனை வருடம் ஒரு கமாவுக்காக உயிரை வாங்கிய மனிதர் யாரைக் கொன்றுவிட்டு வந்தாரோ என்று நினைத்தேன்.

"பட்டாளத்து பிஸ்கட் பெட்டி ஒன்ன உடைச்சேன்."

"என்னங்க?"

"அரசாங்கச் சாமான். உத்தரவில்லாம உடைச்சேன். பலகையில சிலுவை செஞ்சு சூசை தலமாட்டுல நட்டேன். கத்தியால எழுத்தும் வெட்டினேன். அதைச் சொன்னா பெட்டியப் பத்திக் கேப்பாங்க. அதான் இத்தனை நாள் சொல்லல."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சிலுவை நட்டதைத்தானே முதல் கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! அதை விட்டுவிட்டு ஒரு பிஸ்கட் பெட்டிக்குப் பயந்து வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். "இப்ப மட்டும் ஏங்க சொல்றீங்க?" என்று கத்தினேன்.

"உண்மையச் சொல்லித்தான் பிரஜாவுரிமை போச்சு. இதை மட்டும் மறைச்சு வச்சா நல்லா இருக்குமா?"

அடித்தேன். 'பெட்டிக்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரியையும் அடித்தேன்.

இடையில் இந்தியாவுக்குப் புறப்படச் சொல்லி மேஜருக்கு நோட்டீஸ் வந்தது. அதில் பிறந்த வருடமும் லயத்து நம்பரும் சின்னவருடையது. 'இது நான் இல்லை, திருத்தி அனுப்பவும்' என்று மேஜர் திருப்பி அனுப்பினார். நீங்கள் நினைப்பது போல அது தந்திரம் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே திருத்தி வரும், வந்தால் போக வேண்டும் என்று டிரங்குப் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார். அந்தத் திருத்தம் கடைசிவரை வரவில்லை. அவரும் உக்குவளையை விட்டு எங்கும் போகவில்லை.

சீமையிலிருந்துதான் வந்தது, ஒரு தடித்த கவர். மேஜர் அதைப் பிரிக்காமல் பிலோமினா அக்காவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் கடிதத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். எகிப்தில் போர்க் கல்லறைகளைத் தேடிச் சேர்த்தவர்கள் ரயில் பாதையோரம் ஒரு மரச் சிலுவையைக் கண்டிருக்கிறார்கள். அதிலிருந்த எழுத்தை யாருக்கும் வாசிக்கத் தெரியாததால், பெயர் தெரியாத வீரன் என்று பதிந்து, படம் மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். பிஸ்கட் பெட்டிப் பலகை என்ற குறிப்பு அந்தப் பதிவிலேயே இருந்ததாம். இப்போது எல்லாம் பொருந்திவிட்டது. சூசை ஓடவில்லை, சேவையில் இறந்தார் என்று பதிவு திருத்தப்பட்டது. லான்ஸ் கோப்ரலுக்குரிய இரண்டு பதக்கங்களும் தனியாக வரும்.

"பெட்டி?" என்றார் மேஜர்.

கடைசி வரியைத் தேடி வாசித்தேன். "பெட்டி சம்பந்தமாக நடவடிக்கை எடுக்கப்பட மாட்டாது."

அப்போதுதான் அவர் மூச்சு விட்டார்.

கவருக்குள் அந்தப் படமும் இருந்தது. பிலோமினா அக்கா கையில் வாங்கினார். மணல், கோணலாக ஒரு சிலுவை, குறுக்குப் பலகையில் கத்தியால் வெட்டிய தமிழ் எழுத்து. அக்கா விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"சூசை. உக்குவளை. என் கூட்டாளி."

படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். நானா கடையின் முன் கதவை மெல்லச் சாத்தினார். மேஜர் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒன்றும் இல்லாத இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"மகள், சிலுவை கொஞ்சம் சாஞ்சிருக்கு. நான் நட்டப்ப நேராத்தான் இருந்துச்சு. அதை நிமித்தி வைக்கச் சொல்லி ஒரு கடிதம் போடணும்."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. அந்த நாளில் அப்படியெல்லாம் வழக்கமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்ததிலேயே நல்ல தாளாக ஒன்றை டைப்ரைட்டரில் செருகி, "சொல்லுங்க ஐயா" என்றேன்.